மேற்பார்வைக்கு ஓர் அங்குலம்

சிரைவழிச் சிகிச்சை ஒழுங்கு வாரியத்தின் விதித்தொகுப்பில் நூற்றுப் பதினான்கு விதிகள் இருந்தன. இந்த விதிகள் அனைத்தும் நோயாளியின் நலனுக்காகவே இயற்றப்பட்டவை என்றது முதல் விதி. அதற்குப் பிறகு நோயாளி என்ற சொல் தொகுப்பில் எங்கும் வரவில்லை.

ஒரு முதியோர் மருத்துவ இல்லத்துக்கு அந்தத் தொகுப்பு பதிவுத் தபாலில் வந்தது. தரைத்தளம், மேல்தளம், அதற்கு மேல் மொட்டை மாடி. முப்பத்தெட்டுக் கட்டில்கள். பகல் வேலைக்கு இரண்டு செவிலியர்.

பெரிய சிஸ்டருக்கு வயது இருபத்து நான்கு. சின்ன சிஸ்டருக்கு முப்பத்தேழு. பெரியவள் நான்காண்டுப் பட்டம் படித்துப் பதிவு பெற்றவள். சின்னவள் இரண்டாண்டுப் படிப்பு. பெரிய சிஸ்டர் சின்ன சிஸ்டரை "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். புதிய தொகுப்பின் எண்பத்தோராம் விதி அதைத் தடை செய்தது. பட்டம் பெற்றவரை மற்றவர் "மேடம்" என்று கூப்பிட வேண்டும் என்றும் சொன்னது. இருவருக்கும் கூச்சமாக இருந்ததால் ஒருவரையொருவர் கூப்பிடாமலே வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள்.

பதினோரு வருடமாக அந்த இல்லத்தில் டிரிப்ஸ் ஏற்றி வந்தவள் சின்ன சிஸ்டர். வயதானவர்களின் கையில் இரத்தக் குழாய் எளிதில் தென்படாது. தென்பட்டாலும் ஊசி பட்டதும் நழுவும். அவள் பார்ப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் தடவுவாள். விரல் ஓரிடத்தில் நிற்கும். அங்கே குத்துவாள்.

இனி அவள் குத்த வேண்டுமானால் முப்பது மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். போனாள். தொடக்க விழாவில் வாரியத் தலைவர் பேசினார்.

"இந்த வாரியம் அமைந்த இரண்டே ஆண்டுகளில், முதியோர் இல்லங்களில் தவறாகக் குத்தப்படும் ஊசிகள் எழுபது சதவீதம் குறைந்திருக்கின்றன. குத்தப்படும் ஊசிகளே எண்பது சதவீதம் குறைந்திருக்கின்றன. இதே வேகத்தில் போனால் தவறே இல்லாத நிலையை ஐந்தாண்டுகளில் எட்டிவிடுவோம். அன்றைக்கு ஊசியே இருக்காது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். வருகைப் பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் கை கொடுத்தார்கள். அதில் நீல நிறக் குழாய் ஒன்று சுண்டுவிரல் தடிமனில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நேராக ஓடியது.

"எங்க இல்லத்துல யாருக்கும் கை இப்படி இருக்காது சார்," என்றாள் சின்ன சிஸ்டர். முப்பது மணி நேரத்தில் அவள் பேசியது அவ்வளவுதான்.

பயிற்றுநர் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தார். "அந்த மாதிரிக் கைங்கள்லாம் இந்தப் பயிற்சியோட வரம்புக்குள்ள வராதும்மா."

தேர்வில், ஊசி எங்கே குத்தப்பட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதினோரு வருடமாக வாயில் வந்ததையே கையும் எழுதியது: நரம்பில். சிரை என்னும் இரத்தக் குழாய் வேறு, நரம்பு வேறு, நரம்பு வேறொரு வாரியத்தின் கீழ் வருகிறது என்று சிவப்பு மையில் எழுதி ஐந்து மதிப்பெண் குறைத்தார்கள். ஆனாலும் சான்றிதழ் கிடைத்தது. "மேற்பார்வையின் கீழ் டிரிப்ஸ் தொடங்கத் தகுதி பெற்றவர்" என்று அதில் இருந்தது. முதல் சொல்லை யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை.

மேல்தளத்தில் ஆறாம் அறையில் மேஸ்திரி இருந்தார். எழுபத்தொன்பது வயது. ஐம்பது வருடம் கட்டட வேலை செய்தவர். இல்லத்துக்கு வந்த முதல் நாளே, "இந்தத் தளம் கிழக்கே இறக்கம்," என்றார். நிர்வாகி நம்பவில்லை. ஆனால் மருந்து வண்டியை எங்கே நிறுத்தினாலும் அது மெதுவாகக் கிழக்கு நோக்கிப் போனது. சின்ன சிஸ்டர் சக்கரத்துக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கத் தொடங்கினாள். முகம் தெரியாத அந்தக் கொத்தனாரை மேஸ்திரி தினமும் ஒரு தடவையாவது திட்டுவார். "மட்டம் பாக்காம தளம் போட்டிருக்கான் பாரு. அவனுக்கெல்லாம் எவன் கரண்டியக் கையில குடுத்தான்?"

ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. புதன் காலையில் நாக்கு வறண்டு, கைத்தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. ஸ்பூனில் கொடுத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் முழுவதும் வாந்தியாக வெளியே வந்தது. மருத்துவர் ஆணையை எழுதி அனுப்பிவிட்டுப் போனிலும் சொன்னார்: "சலைன் ஒரு லிட்டர் ஏத்துங்க. இன்னிக்கே. தள்ளிப் போட்டா கிட்னி தாங்காது."

துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். சின்ன சிஸ்டர் ரப்பர் பட்டையை அவர் கையில் கட்டினாள்.

"கண்ண மூடிக்கிட்டுத்தான் குத்தப் போறியாம்மா?" என்றார் மேஸ்திரி.

"ஆமா மேஸ்திரி."

"அப்ப நானும் மூடிக்கிறேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் பாத்துட்டா பயம் வந்துரும்."

முதல் குத்திலேயே இரத்தம் ஏறி வந்தது. சொட்டு விழத் தொடங்கியது. மகள் சொட்டுகளை எண்ணினாள். அரை மணி நேரத்தில் மேஸ்திரி கண் திறந்து, ஸ்டாண்டு சாய்வாக நிற்கிறது என்று குறை சொன்னார். பிழைத்துக்கொள்வார் என்று இரண்டு பெண்களுக்கும் தோன்றியது.

பத்து மணிக்கு வாரிய ஆய்வாளர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். சான்றிதழைப் பார்த்தார், சரி. மருத்துவரின் ஆணையைப் பார்த்தார், சரி. பாட்டிலின் காலாவதித் தேதி, சரி.

"மேற்பார்வை யாரும்மா?"

"மேடம்தான் சார்."

"எங்க இருக்காங்க?"

"கீழ ஆபீஸ் ரூம்ல."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "கீழயா?"

"ஆமா சார்."

"கீழ இருந்து பாத்தா அது எப்படிம்மா மேற்பார்வை ஆகும்?"

நிர்வாகி சிரித்தார். ஆய்வாளர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஆய்வாளர் நாற்பத்தேழாம் விதியை எடுத்து வாசித்தார். "மேற்பார்வை என்பது மேலிருந்து பார்த்தல் எனப் பொருள்படும். பார்ப்பவர் இருக்கும் தரை, பார்க்கப்படுபவர் இருக்கும் தரைக்குக் கீழே இருத்தல் ஆகாது." தொகுப்பை மூடினார். "மொழி அறிஞர்கள் குழு ஆறு மாசம் உக்காந்து எழுதினது. இவ்வளவு நாளா நாம எல்லாரும் பொருள் தெரியாமலே அந்தச் சொல்லப் பயன்படுத்திட்டு இருந்திருக்கோம். எனக்கே வெக்கமாப் போச்சு."

பிறகு குனிந்து, டிரிப்ஸ் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைத் தானே தள்ளினார். சொட்டு நின்றது.

மகள் எழுந்தாள். "நீங்க டாக்டரா சார்?"

"இல்லம்மா."

"நர்ஸா?"

"நான் வணிகவியல்."

"அப்ப நீங்க எப்படிக் கை வெச்சீங்க?"

"தொடங்கத்தாம்மா தகுதி வேணும். நிறுத்துறதுக்கு யாருக்கும் தகுதி வேண்டாம். பதினெட்டாம் விதி."

நிறுத்திய ஊசியை உடனே எடுத்துவிட வேண்டும் என்பது பத்தொன்பதாம் விதி. எடுத்தார்கள். நூற்றிருபது மில்லி ஏறியிருந்தது. அந்த இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நீர்ப் பதிவேடு உண்டு. உடம்புக்குள் போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளந்து எழுத வேண்டும். "உள்ளே: 120" என்று சின்ன சிஸ்டர் எழுதினாள். ஆய்வு முடியும்வரை டிரிப்ஸ் அலமாரிக்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னார். அதற்கு முன் ஒரு பாட்டிலும் இரண்டு ஊசிகளும் எடுத்துக்கொள்ள அனுமதித்தார். பதிவு பெற்றவர் தானே குத்தினால் மேற்பார்வை தேவையில்லையாம்.

பெரிய சிஸ்டர் மாடிக்கு ஓடி வந்தாள். முதல் குத்து நழுவியது. இரண்டாவதில் தோலுக்கடியில் நீலமாக வீங்கியது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது என்பது விதி. அந்த ஒரு விதி நியாயமானது என்று சின்ன சிஸ்டருக்குத் தெரிந்தது.

"ரப்பர் கையில நூறு தடவை குத்தியிருக்கேங்க்கா," என்று பெரிய சிஸ்டர் அழுதாள். ஆய்வாளர் "அக்கா" என்பதைக் குறித்துக்கொண்டார்.

நிர்வாகி அரசு மருத்துவமனைக்குப் போன் செய்தார். "உங்க இல்லத்துல டிரிப்ஸ் வசதி இருக்குன்னு வாரியமே சான்று குடுத்திருக்கே. வசதி இருக்கிற இடத்துல இருந்து நாங்க ஆள் எடுக்க முடியாது," என்றார்கள்.

"இப்ப அத நிறுத்தி வெச்சிருக்காங்க சார்."

"நிறுத்தினதுக்கு ஆணை இருந்தா அனுப்புங்க."

ஆணை ஏழு வேலை நாளில் வரும் என்றார் ஆய்வாளர். மருத்துவருக்குப் போன் செய்தார்கள். "நான்தான் காலையிலயே எழுதிக் குடுத்துட்டேனே," என்றார் அவர்.

"சார், மேடத்தோட மேசைய இந்த மாடிக்கே கொண்டு வந்துட்டா?" என்று சின்ன சிஸ்டர் கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மகள்தான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

ஆய்வாளர் யோசித்தார். "கீழே இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. சமமா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. நான் ஒண்ணும் கெட்டவன் இல்லம்மா."

மேற்பார்வையை மேசையில் அமர்ந்துதான் செய்ய வேண்டும் என்பது இன்னொரு விதி; ஆறாம் அறைக்குள் மேசை நுழையாது. மேல்தளத்தில் காலியாக இருந்தது தாழ்வாரத்தின் கிழக்குக் கோடிதான். மேசையை அங்கே கொண்டுவந்து போட்டார்கள். பெரிய சிஸ்டர் உட்கார்ந்தாள். ஆய்வாளர் தன் வண்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார். கண்ணாடி என்றால் பிளாஸ்டிக்தான், உள்ளே இருப்பது தெரியும்படியானது. விரல் தடிமன், இருபது மீட்டர் நீளம். வாரியம் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒன்று கொடுத்திருந்தது. குழாய் நிறையத் தண்ணீர் பிடித்தார்கள்.

மேஸ்திரி தலையைத் திருப்பினார். இரண்டு நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு களை வந்தது. "அட, மட்டக் குழாய்!"

"உங்களுக்குத் தெரியுமா பெரியவரே?"

"அதத் தூக்கிட்டுத்தான சார் ஐம்பது வருசம் திரிஞ்சேன். தண்ணிக்கு மட்டும் லஞ்சம் குடுக்க முடியாது."

ஒரு முனையை ஆய்வாளர் கட்டிலருகே சுவரோடு பிடித்தார். மறு முனையை நிர்வாகி மேசையருகே பிடித்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து தண்ணீர் வரை அளந்தால் எந்தத் தரை உயரம் என்று தெரிந்துவிடும். கட்டில் பக்கம் முப்பத்தாறு அங்குலம். மேசைப் பக்கம் முப்பத்தைந்தரை. அப்படியானால் மேசை இருக்கும் தரை அரை அங்குலம் மேலே.

"நல்லதாப் போச்சு," என்று ஆய்வாளர் உண்மையான மகிழ்ச்சியுடன் பேனாவைத் திறந்தார். மகள் பெருமூச்சு விட்டாள்.

கட்டில் காலருகே குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் நின்றிருந்தது. சின்ன சிஸ்டர் அதை அப்போதே பார்த்துவிட்டாள். பதினோரு வருடமாகக் குழாய்களில் குமிழைத் தேடித் தட்டி வெளியேற்றுவது அவள் வேலை. அன்றைக்கு முதல் முறையாகப் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"சார்," என்றார் மேஸ்திரி. "குழாய்ல காத்து இருக்கு."

"அப்பா, பேசாம படுங்க."

"அந்தா, கட்டில் காலுகிட்ட நிக்குது பாருங்க. குமிழ் இருந்தா மட்டம் பொய் சொல்லும். தளம் கிழக்கே இறக்கம் சார், மேல வரவே வராது."

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "ஆமா! அம்மா, யாராவது கவனிச்சீங்களா?"

சின்ன சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுண்டுங்க. அப்படியில்ல, நகத்தால. இப்ப தூக்கிப் பிடிங்க. ஏறுது பாருங்க... வந்திருச்சு. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி நிரப்புங்க. இப்ப அளங்க." மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது.

மறுபடி அளந்தார்கள். கட்டில் பக்கம் முப்பத்தாறு. மேசைப் பக்கம் முப்பத்தேழு.

"ஓர் அங்குலம் கீழே," என்றார் ஆய்வாளர்.

"நான் சொன்னேன்ல," என்றார் மேஸ்திரி.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தண்ணி ஏத்தத்தான்ப்பா இவ்வளவும் நடக்குது. தெரியுதா இல்லையா?"

"தெரியுது. அதுக்காக மட்டத்தத் தப்பா எழுதச் சொல்றியா?"

"இந்த மாதிரி ஒருத்தர் எங்க வாரியத்துல இல்லாமப் போயிட்டாரே," என்று ஆய்வாளர் மனம் உருகிச் சொன்னார்.

நாற்காலிக்கு அடியில் பலகை போட்டு உயர்த்தலாமா என்று மகள் கேட்டாள். நாற்காலி நகரும் பொருள், தரைதான் கணக்கு. மேற்குக் கோடிக்கு மேசையை மாற்றலாமா? அங்கே கழிவறை இருந்தது. கழிவறையில் அமர்ந்து மேற்பார்வை செய்வது வாரியத்தின் மாண்புக்கு உகந்ததல்ல. கட்டிலைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தலாமா? கட்டில் அறைக்குள்தான் இருக்க வேண்டும். மேஸ்திரியைத் தரைத்தளத்துக்குத் தூக்கிப் போகலாமா? தரைத்தளம் பெண்கள் பகுதி. ஆண் ஒருவரை அங்கே படுக்க வைக்க இன்னொரு வாரியத்தைக் கேட்க வேண்டும்.

மிஞ்சியது மொட்டை மாடி. ஆனால் கூரை இல்லாத இடம் பணியிடம் ஆகாது. தகரக் கூரை போட ஆளைக் கூப்பிட நிர்வாகி ஓடினார். ஆள் நாளைக்கு வருவதாகச் சொன்னான். ஆய்வாளர் குழாயின் இரண்டு முனைகளையும் அடைத்து, மறுநாளும் தேவைப்படலாம் என்று மேஸ்திரியின் ஜன்னல் கம்பியில் சுற்றி மாட்டினார். தண்ணீர் வெயிலில் மின்னியது.

அன்று பிற்பகல் மகள் சின்ன சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கதவச் சாத்திக்கிறேன். நீங்க குத்துங்க. உங்க கையால ஆகும்னு எனக்குத் தெரியும்."

சின்ன சிஸ்டர் அலமாரி வரை போனாள். அரக்கு முத்திரை ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. கரண்டிக் காம்பால் தட்டினால் உடைந்துவிடும். உடைத்தால் இல்லத்தின் உரிமம் போகும், மற்ற முப்பத்தேழு பேரும் எங்கே போவார்கள் என்று ஆய்வாளர் காலையிலேயே எல்லோருக்கும் விளக்கியிருந்தார். தன் சான்றிதழும் போகும் என்பதை அவள் தானாகவே சேர்த்துக்கொண்டாள். விரல் முத்திரையின் மேல் சிறிது நேரம் இருந்தது. பிறகு திரும்பி வந்து, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். அது வெளியே வந்தது. அளந்து எழுதினாள்.

வியாழக்கிழமை மேஸ்திரி யாரையும் திட்டவில்லை. மகளைத் தன் பழைய சித்தாள் என்று நினைத்துக் கலவையில் தண்ணீர் பத்தவில்லை என்றார். அதன் பிறகு பேசவில்லை.

மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் நான்கு கம்பமும் தகரமும் நின்றன. அடியில் மேசை, நாற்காலி, காற்றில் பறக்காமலிருக்கக் கல் வைத்த பதிவேடு. பெரிய சிஸ்டர் உட்கார்ந்தாள். மொட்டை மாடி மேலேதான் இருக்கிறது என்பதை அளக்கத் தேவையில்லை என்று ஆய்வாளரே சொன்னார். வாரியம் அந்த அளவுக்கு நெகிழ்ந்து கொடுத்தது.

"இங்க இருந்து ஒண்ணுமே தெரியலையே சார்," என்றாள் பெரிய சிஸ்டர். "தளம்தான் தெரியுது."

"மேல இருக்கீங்களா? வாரியத்தோட பொறுப்பு அத்தோட முடிஞ்சுது. பார்வை உங்க பொறுப்பு."

ஆய்வாளர் இறங்கி வந்து முத்திரையை உடைத்தார். அதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டார். சின்ன சிஸ்டர் பாட்டிலை மாட்டி, குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, குமிழ்களைத் தட்டி எடுத்தாள். ஆய்வாளர் படிக்கட்டருகே நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மேற்பார்வை தயாரா?"

"தயார் சார்!"

"தொடங்கலாம்மா."

சின்ன சிஸ்டர் ரப்பர் பட்டையைக் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையில் தடவினாள். வலது கையில் தடவினாள். புறங்கை, மணிக்கட்டு, கணுக்கால். விரல் எங்கும் நிற்கவில்லை. மறுபடி மணிக்கட்டுக்கு வந்தது. அங்கே நாடியைத் தேடியது. பிறகு கழுத்துக்குப் போனது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கிடைச்சுதா சிஸ்டர்?" என்றாள் மகள்.

மேலிருந்து பெரிய சிஸ்டரின் குரல் வந்தது. "அக்கா! ஏறுதாக்கா?"

ஆய்வாளர் உள்ளே வந்து பார்த்தார். தலை குனிந்து ஒரு நிமிடம் நின்றார். அது படிவத்தில் இல்லாத செயல். பிறகு படிவத்தை நிரப்பினார். ஊசி குத்தப்படவில்லை. ஆகவே விதிமீறல் எதுவும் நிகழவில்லை. ஆய்வு நிறைவு.

போகும்போது மகளிடம் ஆறுதலாகச் சொன்னார். "நீங்க ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கணும்மா. எங்க வாரியம் வந்தப்புறம் டிரிப்ஸ் தப்பாப் போய் ஒருத்தர்கூடச் சாகல."

மகள் அவர் செருப்பு போட்டுக்கொள்ளும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அந்த இல்லத்துக்கு முன்மாதிரி இல்லம் என்ற பட்டயம் வந்தது. மேற்பார்வைக்கென்று தனித் தளம் அமைத்த முதல் இல்லம் என்று தலைவர் கையெழுத்திட்டிருந்தார். கூடவே ஒரு கடிதம். ஆய்வாளர் மறந்து விட்டுப்போன மட்டக் குழாய் ஒன்றைத் தண்ணீர் வடித்து, சுருட்டி, திருப்பி அனுப்பும்படி அதில் இருந்தது.

ஆறாம் அறையில் வேறொருவர் இருந்தார். குழாய் ஜன்னல் கம்பியில் அப்படியே தொங்கியது. சின்ன சிஸ்டர் அதைக் கழற்றி, ஒரு முனையைத் திறந்து, நீர்ப் பதிவேட்டுக்கு அளக்கும் ஜாடியில் வடித்தாள். பழக்கத்தில் ஜாடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி அளவு பார்த்தாள்.

ஒரு லிட்டர் இருந்தது. குமிழ் ஒன்றுகூட இல்லை.